ஒன்றேகால் சுற்று

திலீபன் பொய் சொல்கிறார்.

எங்கள் ஊர்ப் பழைய கார் மன்றத்தின் தலைவரைத்தான் சொல்கிறேன். "கூமாப்பட்டித் தோப்புக் கொட்டகையில் கிடந்த அமெரிக்க வண்டியை நாங்கள் கண்டுபிடிக்கும்வரை பல வருஷமாக ஒரு மனிதக் கை தொட்டதில்லை" என்று அவர் போடும் ஒவ்வொரு வீடியோவிலும் சொல்கிறார். தொட்டது. ஒவ்வொரு சனிக்கிழமையும் தொட்டது. அது யாருடைய கை என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

மன்றத்தின் ஆண்டுவிழா மலருக்கு என் தொழில் அனுபவத்தை எழுதித் தரச் சொல்லி அவரேதான் கேட்டார். "அந்தக் காலத்து ஒர்க்‌ஷாப் எப்படி இருந்துச்சுன்னு இனிமையா ரெண்டு பக்கம் எழுதுங்க அண்ணாச்சி, பசங்க ஆசையா கேக்குறாங்க" என்றார். எழுதியிருக்கிறேன். இனிமை இருக்காது. மலரில் போட மனமில்லை என்றால் வேறு பத்திரிகைக்குக் கொடுப்பேன்.

நான் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லின் மோட்டார் ஷெட்டில் எடுபிடியாகச் சேர்ந்து, அங்கேயே ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவன். தொழில் கற்ற வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கழுவினோம், துடைத்தோம், திட்டு வாங்கினோம். என்னோடு சேர்ந்தவன் சூசை. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவன், மெலிந்த ஆள், வாய் அதிகம். எங்கள் இருவருக்கும் மேலே வரதன் மேஸ்திரி.

மேஸ்திரி ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். ஆண்டாள் கோயிலில் விளக்குக் கைங்கரியம் செய்கிற குடும்பம். தினம் முதல் பஸ்ஸில் வருவார். நெற்றியில் நாமம் பளிச்சென்று இருக்கும், சாயந்தரம் கிரீஸோடு கலந்து சாம்பல் நிறமாகியிருக்கும். சத்தம் போட மாட்டார். கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் நிதானமாகத் துடைப்பார். அவர் துடைத்து முடிப்பதற்குள் நாம் செய்த தப்பு நமக்கே தெரிந்துவிட வேண்டும். தெரியாவிட்டால் அன்றைக்கு ஸ்பானரைத் தொட விடமாட்டார்.

ஒரு வார்த்தையை அவர் ஷெட்டுக்குள் அனுமதிக்கவே மாட்டார். இன்ஜின் "செத்துப் போச்சு" என்று சொல்லக் கூடாது. தூங்குகிறது என்றுதான் சொல்ல வேண்டும். அவர் கணக்கில், ஓடாமல் நிற்கிற இன்ஜினைச் சாகடிப்பது துரு இல்லை, மறதி. மாதக்கணக்கில் நிற்கப்போகும் வண்டிக்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். தீப்பொறி தருகிற பிளக்குகளைக் கழற்ற வேண்டும். ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் எண்ணெய் விட வேண்டும். பிறகு வாரம் ஒரு தடவை, முன்பக்கம் பெல்ட் ஓடுகிற புல்லியின் நடு போல்டில் நீளக் கம்பியை மாட்டி, கையாலேயே இன்ஜினை ஒன்றேகால் சுற்று சுற்ற வேண்டும். முழுச் சுற்றோடு நிறுத்தினால் உள்ளே இருப்பதெல்லாம் பழைய இடத்திலேயே போய் உட்காரும், உட்கார்ந்த இடத்திலேயே பிடித்துக்கொள்ளும். அந்தக் கூடுதல் கால் சுற்றுதான் இன்ஜினைக் காப்பாற்றுகிறது.

"கோயிலுக்கு ஒண்ணேகால் ரூவா, இன்ஜினுக்கு ஒண்ணேகால் சுத்து" என்பார். "வெறும் ஒண்ணோட நிறுத்துனா சாமியும் ஏத்துக்கிடாது, மெஷினும் ஏத்துக்கிடாது."

சுற்றியாயிற்று என்பதற்கு அடையாளமாக, புல்லியின் விளிம்பில் ஒரு வெள்ளைக் கோடு போட வேண்டும். பெயிண்ட் இல்லை, சாக்பீஸ் இல்லை. நாமக்கட்டி. தண்ணீரில் குழைத்து விரலால் இழுப்பது. ஒவ்வொரு வாரமும் அதே கோட்டின் மேல் புதிதாக இழுக்க வேண்டும். கோடு ஒரு வாரம் மேலே நிற்கும், அடுத்த வாரம் வலப்பக்கம், அதற்கடுத்து கீழே, பிறகு இடப்பக்கம். மேஸ்திரி பானட்டைத் தூக்கிப் பார்த்தாலே யார் எந்த வாரம் ஏமாற்றினான் என்று தெரிந்துவிடும்.

முதல் தடவை சூசையிடம் நாமக்கட்டியைக் கொடுத்தபோது அவன் கையை நீட்டவில்லை.

"மேஸ்திரி, நான் வேதக்காரன். எனக்கு எதுக்கு நாமக்கட்டி?"

"ஏலே, நாமம் ஒனக்கில்ல, வண்டிக்கு."

"சாமியாருக்குத் தெரிஞ்சா பாவசங்கீர்த்தனத்துல நிக்க வச்சு கேப்பாரு."

"வண்டிதாம்ல வைஷ்ணவம், நான் மெக்கானிக்குத்தான்னு சொல்லு."

நான் சிரித்தேன். சூசை என்னைப் பார்த்து, "நீ சிரிக்காத. வேல செய்யாம கோட்ட மட்டும் இழுத்து மேஸ்திரிக்கு நாமம் போடுற ஆளு நீதான்" என்றான். மேஸ்திரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். நாங்கள் இருவரும் ஓடிப்போய் வேலையைப் பார்த்தோம்.

இந்தக் கோட்டு முறையை வேறு எந்த ஷெட்டிலும் நான் பார்த்ததில்லை. மேஸ்திரி காலமாகிவிட்டார். அதைச் செய்யத் தெரிந்தவர்கள் நானும் சூசையும் மட்டும்தான்.

இனி அந்த வண்டி.

மில் முதலாளிக்கு ஒரே மகன். வண்டிப் பித்து. மெட்ராஸில் வெளிநாட்டுத் தூதரகத்துக்காரர்கள் விட்டுப்போன வண்டிகளை ஏலம் விடுவார்கள், அதில் எடுத்து வந்தான். அமெரிக்க வண்டி. இரண்டே கதவு, இடப்பக்கம் ஸ்டியரிங், எட்டு சிலிண்டர், ஆள் படுத்துறங்கலாம் போல நீளமான பானட். கறும்பச்சை நிறம். மில் கேட்டுக்குள் நுழைந்தால் நூற்பு இயந்திரச் சத்தத்தையும் மீறி அதன் உறுமல் கேட்கும். அந்தப் பித்தை நான் குறை சொல்லவில்லை. அந்த இன்ஜினைக் கேட்ட எவனும் குறை சொல்ல மாட்டான்.

ஆனால் வந்தபடி ஓட்ட அவனுக்கு மனம் வரவில்லை. தானாக மாறுகிற கியரை எடுத்துவிட்டு, கையால் மாற்றுகிற கியரைத் தரையிலிருந்து எழும்புகிற மாதிரி வைக்க வேண்டும். பின்னால் போகிற புகைக்குழாயைப் பாதியில் வெட்டி, தடித்த குழாயாகக் கதவுக்குக் கீழேயே முடிக்க வேண்டும், அப்போதுதான் சத்தம் நன்றாக இருக்கும். மேஸ்திரி மாட்டேன் என்று சொல்லிவிட்டார். வண்டியை வெளியூருக்குக் கொண்டுபோய் யாரிடமோ கொடுத்துச் செய்து வந்தான். சத்தம் நன்றாகத்தான் இருந்தது.

ஒரு மழைக்காலக் காலையில், பிளவக்கல் அணைக்குப் போகிற ரோட்டில் அந்த வண்டி நின்றுகொண்டிருந்தது. கூமாப்பட்டி விவசாயி ஒருவர் வயலுக்குத் தண்ணீர் திறக்கப் போகும்போது பார்த்திருக்கிறார். நடு ரோடு. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. தூறலுக்காகக் கண்ணாடி ஏற்றியிருக்கிறது. உள்ளே முதலாளி மகன் இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்து நேராக ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். ஏதோ யோசனையில் இருக்கிறார் என்று நினைத்து விவசாயி ஓரமாகக் காத்து நின்றிருக்கிறார். "தம்பி, செத்த வழி விடுங்க" என்று பலமுறை கேட்டிருக்கிறார். அவன் திரும்பவே இல்லை. வண்டியில் ஒரு கீறல் இல்லை, அவன் உடம்பிலும் இல்லை.

ஊரில் பேய் என்றார்கள், அணைக்கட்டு மோகினி என்றார்கள். முதலாளி மேஸ்திரியைக் கூப்பிட்டு, வீட்டில் பேசுகிற தெலுங்கு கலந்து, "ஏமய்யா மேஸ்திரி, என் பையனை எது கொன்னுச்சுன்னு எனக்குக் காட்டு" என்றார்.

மேஸ்திரி செய்ததை அப்படியே எழுதுகிறேன். இன்றைக்குக் குழாயை வெட்டி மாற்றுகிற பையன்கள் படிக்க வேண்டும்.

வண்டியை ஷெட்டின் நடுவே நிறுத்தச் சொன்னார். அந்தக் காலையில் இருந்த மாதிரியே கதவு இரண்டையும் பூட்டி, கண்ணாடியை ஏற்றச் சொன்னார். உள்ளே யாரும் இல்லை. பானட்டைத் தூக்கி, ஒயரை இணைத்து, இன்ஜினை முன்பக்கமிருந்தே கிளப்பினார். பிறகு கார்புரேட்டரின் வாயில் கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெயை விட்டார். எண்ணெய் உள்ளே போனால் புகை வெள்ளையாக வரும். கண்ணுக்குத் தெரியாததைத் தெரியவைக்க அதுதான் வழி.

கதவுக்குக் கீழே குழாயிலிருந்து வெள்ளைப் புகை கொட்டியது. அதை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் கண்ணாடிக்கு உள்ளே பார்த்துக்கொண்டிருந்தோம். கியருக்காகத் தரையில் வெட்டிய ஓட்டையிலிருந்து மெல்லிய இழையாக ஒன்று எழுந்தது. அவசரமே இல்லாமல் எழுந்தது. சீட்டின் மேல் படர்ந்தது, பின்பு இடப்பக்கமாகச் சாய்ந்தது. ஓட்டுகிறவன் இருக்கிற பக்கம். அங்கே கனத்தது. சாய்மானம் மறைந்தது. ஸ்டியரிங் மட்டும் தெரிந்தது. காலி வண்டிக்குள் ஒரு ஆள் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்த மாதிரி இருந்தது. அதுவரை வாயாடிக்கொண்டிருந்த சூசை நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான்.

மேஸ்திரி இன்ஜினை நிறுத்தினார். கதவைத் திறக்கவில்லை. புகை தானாகக் கலையும்வரை முதலாளி பார்த்துக்கொண்டே நின்றார். வெட்டி ஒட்டிய குழாய் இணைப்பில் கசிவு, அதற்கு நேர் மேலே மூடாத ஓட்டை. அவ்வளவுதான். வாசனையில்லாத விஷப்புகை, தூக்கம் மாதிரி வந்திருக்கும் என்றார் மேஸ்திரி.

வண்டியை நொறுக்கச் சொல்வார் என்று நினைத்தோம். முதலாளி கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு, "இந்தப் பண்டி இனி ஓடக் கூடாது. சாகவும் கூடாது. தெலுசா?" என்றார்.

மேஸ்திரி சூசையைப் பார்த்தார். சாவி அன்றைக்குச் சூசையின் கைக்குப் போனது.

முதலாளிக்குக் கூமாப்பட்டியில் மலையடிவாரத்தில் தோப்பு உண்டு. அதில் ஓட்டுக் கொட்டகை. வண்டியை அதற்குள் விட்டுப் பெரிய கதவை அடைத்தார்கள். பின்சுவரில் ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு ஒரு சின்ன வழி இருந்தது. சனிக்கிழமை உச்சி வேளையில், வேலை விட்டதும் சூசை பிளாஸ்க்கில் டீயோடு பஸ் ஏறுவான். பின்வழியாக நுழைந்து ஒன்றேகால் சுற்று சுற்றுவான், கோடு இழுப்பான், திரும்புவான். மேஸ்திரி இறந்தார். முதலாளி இறந்தார். சூசையும் ஓய்வு பெற்றான். சனிக்கிழமை மட்டும் நிற்கவில்லை.

"முதலாளிதான் போய்ச் சேர்ந்துட்டாகளே, இன்னும் யாருக்காக போற?" என்று ஒருதடவை கேட்டேன்.

"நிறுத்துன்னு சொல்லாமத்தான போயிருக்காக" என்றான். பிறகு, "நான் போகலன்னா அது முழுச் சுத்துலயே நின்னுரும்லா" என்றான். அவன் சொன்னது வண்டியை மட்டும்தானா என்று எனக்குத் தெரியாது.

முதலாளியின் மகள் வழிப் பேரன்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். தோப்போடு வண்டியையும் விற்றார்கள். வண்டியை வாங்கியவர் திலீபன். மன்றத்துப் பையன்களுக்கு இது பெரிய வேட்டை. அரிசி ஆலைக் கிடங்கு, எஸ்டேட் பங்களா, ஜமீன் கொட்டகை என்று தேடி அலைந்து, பழைய அமெரிக்க வண்டி ஏதாவது கிடைத்தால் தரையை ஒட்டி உயரத்தை இறக்கி, அகலச் சக்கரம் மாட்டி, உறுமவிட்டுப் பார்ப்பதில் அவர்களுக்கு உயிர். இந்த மாதிரி ஒன்று தென்மாவட்டத்தில் வேறு கிடையாது.

கொட்டகையைத் திறக்கும் நாளன்று என்னை அழைத்தார்கள். "நீங்கதான் எழுப்பணும் அண்ணாச்சி" என்றார் திலீபன். போகிற வழியெல்லாம் சூசை அங்கே பிளாஸ்க்கோடு நிற்பான், என்னைப் பார்த்ததும் ஏதாவது குத்திச் சொல்வான் என்றே நினைத்துக்கொண்டு போனேன்.

அவன் இல்லை. உச்சி வெயில். தோப்பில் ஒரு காக்கை கூட இல்லை. கதவில் துருப்பிடித்த பூட்டு. வீடியோ எடுக்க இரண்டு பேர். திலீபன் கட்டிங் மெஷினால் பூட்டை அறுத்தார், பொறி பறந்தது, பையன்கள் கைதட்டினார்கள். கதவைத் தள்ளினார்கள். சத்தமே இல்லாமல் திறந்தது.

பல வருஷம் திறக்காத கதவின் கீல் கத்தும். இது கத்தவில்லை. விரலால் தொட்டுப் பார்த்தேன், புது எண்ணெய். பூட்டுக்குத்தான் துரு, கீலுக்கு இல்லை. இவர்கள் இதற்கு முன்பே வந்து திறந்திருக்கிறார்கள். பழைய பூட்டு ஒன்றைத் தேடிப் போட்டுவிட்டு, இப்போது படத்துக்காக அறுக்கிறார்கள்.

வண்டியை மூடியிருந்த தார்ப்பாயில், பானட் பக்கம் தவிர, தூசி விரல் தடிமனுக்கு இருந்தது. பானட்டைத் தூக்கினேன். இன்ஜின் முழுக்கத் தூசி. புல்லியில் மட்டும் தூசி இல்லை. விளிம்பில் ஒரு வெள்ளைக் கோடு, வலப்பக்கம் நின்றது. பிளக்குகள் கழற்றியே இருந்தன. கம்பியை மாட்டி லேசாக அழுத்தினேன். காத்திருந்த மாதிரி சுழன்றது. பையன்கள் "மிராக்கிள்" என்று கத்தினார்கள்.

"சூசை எங்க?" என்று கேட்டேன்.

"எந்தச் சூசை அண்ணாச்சி?" என்றார் திலீபன். கேட்ட வேகத்துக்குப் பதில் கொஞ்சம் சீக்கிரமாக வந்தது.

"இந்த வண்டியைப் பாத்துக்கிடுதவன். பின்னால ஒரு வழி இருக்கும், அதுலதான் வருவான்."

"அங்க போகாதீங்க. பாம்பு கெடக்கு. நேத்துத்தான் ஒண்ணு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். நேற்று வந்ததை அவரே சொல்லிவிட்டார் என்பது அவருக்கும் புரிந்தது. பையன்களைப் பார்த்து, "வண்டியத் தள்ளுங்கப்பா" என்றார்.

அங்கிருந்தே சூசையின் மகள் ரீத்தாவுக்குப் போன் செய்தேன். ராஜபாளையத்தில் ஒரு மில்லில் வேலை பார்க்கிற பெண், கணவன் இல்லை, அப்பாவும் மகளும் மட்டும்தான் வீட்டில்.

"அப்பா அங்கனதான இருக்காக மாமா?" என்று அவள் என்னிடம் கேட்டாள். "முந்தாநேத்துச் சனிக்கெழம போனவக. இன்னும் வரல. ஒங்க வீட்டுல தங்கிட்டாகளோன்னு நெனச்சேன்."

போலீசில் எழுதிக் கொடுத்தோம். தேடினார்கள். தோப்பு, வாய்க்கால், அணைக்கரை, மலையேறுகிற பாதை. அவன் கைப்பொருள் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அடுத்த வாரம் நான் மறுபடியும் கொட்டகைக்குப் போனேன். பாம்பு இருப்பதாகச் சொன்ன பின்சுவரில் வழியே இல்லை. செங்கல் வைத்து அடைத்து, புது சிமென்ட் பூசியிருந்தது. காலிக் கொட்டகையின் சின்ன ஓட்டையை யார், எதற்கு அவசரமாக அடைப்பார்கள்?

அந்த வாரமே திலீபன் வீடியோ போட்டார். புல்லியைப் பெரிதாகக் காட்டி, "பாருங்க நண்பர்களே, இக்னிஷன் டைமிங்குக்கு அமெரிக்காவுல கம்பெனி போட்ட வெள்ளைக் குறி, இத்தன வருஷம் கழிச்சும் அழியல" என்றார். நாமக்கட்டியைப் பார்த்து அமெரிக்கா என்கிறார்! அந்தக் கோட்டை வைத்தே தீப்பொறி நேரத்தைப் பொருத்திக் கிளப்பினார்கள். இன்ஜின் எதிர்த்து உதைத்து, கார்புரேட்டர் வழியாகத் தீயைத் துப்பியது. ஒரு பையனின் புருவம் கருகியது. நான் போய்ச் சொன்னேன்: கம்பெனிக் குறி அழுக்குக்குள் பள்ளமாக இருக்கும், இது சூசை இழுத்த கோடு. சிரித்தார்கள். திலீபன் மட்டும் சிரிக்கவில்லை.

பிறகு பழைய புல்லியைக் கழற்றி எறிந்துவிட்டு வெளிநாட்டுப் புதுப் புல்லி போட்டார்கள். வண்டியை இறக்கினார்கள், சக்கரத்தை மாற்றினார்கள், தடித்த குழாய் வைத்தார்கள். கதவுக்குக் கீழேதான் முடிகிறது. வண்டி இப்போது ராஜபாளையத்தில் திலீபன் வீட்டு ஷெட்டில், இரும்பு ஷட்டருக்குள் நிற்கிறது. சாவி அவரிடம் மட்டும்.

இரண்டு வாரங்களுக்கு முன்பு மன்றத்துப் பையன் மகேஷ் என் வீட்டுக்கு வந்தான். புருவம் கருகியவன் அவன்தான். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"அண்ணாச்சி, அந்தக் கோடு... மறுபடியும் வருது."

"எந்தக் கோடு?"

"புதுப் புல்லியில. ஞாயித்துக்கெழம வண்டி எடுக்க பானட்டத் தொறந்தா நிக்குது. மொத தடவ எங்கள்ல எவனோ வெளையாடுறான்னு நெனச்சோம். திலீபண்ணன் தொடச்சாரு. அடுத்த வாரமும் இருந்துச்சு."

"எங்க நின்னுச்சு?"

"மொதல்ல மேல. அப்புறம் வலது பக்கம். அப்புறம் கீழ."

அவனிடம் மேஸ்திரியின் முறையை நான் சொன்னதே இல்லை. யாரிடமும் சொன்னதில்லை.

"பிளக்கைக் கழட்டியிருந்துச்சா?"

"இல்ல அண்ணாச்சி. போட்டபடிதான் இருந்துச்சு."

பிளக் போட்டபடி அந்த இன்ஜினைக் கையால் சுற்றுவது லேசான வேலையில்லை. வாலிபத்தில் நானும் சூசையும் சேர்ந்து கம்பியில் தொங்கியிருக்கிறோம். சூசைக்கு இப்போது கை நடுக்கம் உண்டு, டீ டம்ளரையே இரண்டு கையால்தான் பிடிப்பான். அதைச் சொன்னதும் மகேஷ் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"அண்ணன் ஷெட்டுக்குள்ள காமிரா வச்சாரு" என்றான். "ஒரு சனிக்கெழமைக்கு வச்சாரு. மறுநாள் அவரு மட்டும் தனியாப் பாத்தாரு. பாத்துட்டு வெளிய வந்தாரு. காமிராவக் கழட்டிட்டாரு. என்னண்ணே இருந்துச்சுன்னு கேட்டேன். 'ஒண்ணுமில்லலே, போலே'ன்னாரு. அவரு என்ன ஒருநாளும் அப்பிடிப் பேசினதில்ல."

கேள்விப்பட்டதை மட்டும் வைத்து நான் எழுதவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளி மைதானத்தில் மன்றத்தின் கண்காட்சி நடந்தது. நல்ல பகல், நல்ல கூட்டம். சுந்தரபாண்டியத்திலிருந்து மாட்டுவண்டி கட்டிக்கூட வந்திருந்தார்கள். லாரியில் ஏற்றிக் கொண்டுவந்த அமெரிக்க வண்டி பானட்டைத் திறந்து நின்றது. நான் குனிந்து பார்த்தேன். கோடு இடப்பக்கம் நின்றது. விரலை வைத்தேன். வெள்ளை என் விரலில் ஒட்டிக்கொண்டது. இன்னும் முழுதாகக் காயவில்லை. நாமக்கட்டி வாசனை எனக்குத் தெரியாதா?

திலீபன் துணியோடு ஓடி வந்தார்.

"எதுக்குத் தம்பி தொடைக்கிய?"

"அழுக்கு அண்ணாச்சி."

"ஒங்க காமிராவுல பதிஞ்சதும் அழுக்குத்தானா?"

அவர் கை துணியோடு அப்படியே நின்றுவிட்டது. பக்கத்தில் நின்றவர்கள் பார்த்தார்கள். அவர் முகம் அந்த நேரத்தில் எப்படி இருந்தது என்று அவர்களைக் கேட்டுக்கொள்ளலாம். திருடனின் முகம் இல்லை அது. பயந்தவனின் முகம்.

நான் கொலை என்று சொல்லவில்லை. சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. எனக்குத் தோன்றுவதை மட்டும் சொல்கிறேன். பூட்டை அறுத்ததற்கு முந்திய நாளோ, அதற்கு முந்திய சனிக்கிழமையோ, இவர்கள் கொட்டகைக்குள் போனபோது சூசை அங்கே இருந்திருக்கிறான். ஏதோ பேச்சு நடந்திருக்கிறது. "நிறுத்து, இனி வராதே" என்று இவர்கள் சொல்லியிருக்கலாம். முதலாளி சொல்லாத அந்தச் சொல்லை வேற்றாள் வாயிலிருந்து கேட்டு, அவன் மலைப் பக்கமாகப் போயிருக்கலாம். அல்லது இன்னும் எங்கேயோ இருந்து, சனிக்கிழமை தோறும் ஷட்டருக்குள் எப்படியோ நுழைகிறானாக இருக்கலாம். அல்லது நுழைவது வேறு ஒன்றாக இருக்கலாம். எனக்குப் பேயில் நம்பிக்கை கிடையாது. ஒரு காலி வண்டிக்குள் புகை ஏறி ஆள் மாதிரி உட்கார்ந்ததையே காரணத்தோடு கண்டு தெளிந்தவன் நான். ஆனால் அன்றைக்கு மேஸ்திரி காரணத்தை எங்கள் கண்ணுக்கு முன்னால் காட்டினார். இன்றைக்குக் காரணத்தைப் பார்த்த ஒரே ஆள் அதை மறைக்கிறார்.

மன்றத்தாரே, உங்களுக்கு ஆண்டுவிழா. ரீத்தாவுக்கு வேறு கணக்கு இருக்கிறது. வீட்டில் இன்னும் அப்பாவுக்கு உலை வைக்கிறாள், ராத்திரி மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றுகிறாள். கல்லறைத் திருநாள் வருகிறது. பங்குச் சாமியார் கூப்பிட்டு, இறந்தவர்கள் பட்டியலில் சூசையின் பெயரைச் சேர்த்துப் பூசை வைக்கலாமா என்று கேட்டிருக்கிறார். அவள் என்னிடம் வந்தாள்.

"உயிரோட இருக்கவகளுக்கு அந்தப் பூசை வைக்கக் கூடாதுல்லா மாமா? செத்தவகளுக்கு வைக்காமயும் இருக்கக் கூடாதுல்லா? நான் எதச் செய்யட்டும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார்.

திலீபன் அவர்களே, போலீசிடம் தனியாகச் சொல்வது போதாது, என்னிடம் வந்து மன்னிப்புக் கேட்பதும் வேண்டாம். ஆண்டுவிழா மேடைக்கு ரீத்தாவைக் கூட்டி வருகிறேன், முன்வரிசையில் உட்காருவாள். மைக்கைப் பிடித்து, ஊர் கேட்க, அவள் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். அந்தச் சனிக்கிழமை உங்கள் காமிராவில் கம்பியைப் பிடித்துச் சுற்றியது அவளுடைய அப்பாவா, இல்லையா?